புள்ளியியலில் முதுகலை படிக்க என்ன தகுதி வேண்டும்? – ஒரு சின்ன வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து ஆற அமர வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.எஸ்சி. படித்தவன் இல்லை. என்னிடம் இருப்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சராசரி, இடைநிலை, முகடு நடத்தினேன். 1991, 2001, 2011 என்று மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். நாம் நிரப்பிக் கொடுக்கிற இந்த எண்களை வைத்து யார் பொருள் சொல்கிறார்கள், அவர்கள் எங்கே என்ன படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அப்படித்தான் இந்த வரலாற்றை வாசிக்க ஆரம்பித்தேன்.

நம் நாட்டில் புள்ளியியலைப் பாடமாக நிறுத்தியவர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ். அவர் கேம்பிரிட்ஜில் படித்தது இயற்பியல். 1915இல் ஊர் திரும்பும் நேரத்தில் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் கல்லூரி நூலகத்தில் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழ் கண்ணில் பட்டது. தொகுதிகளை விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்துகொண்டே, தன் அறையில் புள்ளியியல் வேலையைத் தொடங்கினார். 1931 டிசம்பர் 17இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் உருவானது. அப்போது கணக்குப் போட ஒரே ஓர் ஆள், அவரும் பகுதிநேரம். ஆண்டுச் செலவு 250 ரூபாய்க்கும் குறைவு.

அந்த நாளில் நம் நாட்டில் புள்ளியியலில் முதுகலைப் பட்டமே கிடையாது. கணிதம், இயற்பியல், பொருளாதாரம் படித்தவர்கள் வந்து வேலை பழகினார்கள். வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் விளைகிறது என்று மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஊர் ஊராகப் போய் எல்லா வயலையும் அளக்க முடியாது. சில வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அளந்து, மொத்தத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். சொல்லும் கணக்கில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாடம் முதலில் வயலில்தான் பிறந்தது. பட்டம் பத்து வருஷம் கழித்து வந்தது.

1941இல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலை வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். அந்த முதல் அணியில் படித்தவர் சி. ஆர். ராவ். இவர் பிறந்த ஹூவின ஹடகலி, அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்டத்தில் இருந்தது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் எம்.ஏ. முடித்துவிட்டு, ராணுவத்தில் ஒரு கணித வேலைக்கு நேர்காணல் என்று கல்கத்தா போனார். வயது போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தங்கியிருந்த விடுதியில் ஒரு தென்னிந்தியரைச் சந்தித்தார். அவர் மஹலநோபிஸின் நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்தவர். அவரோடு போய்ப் பார்த்தவர், 1941 ஜனவரி 1இல் தானும் பயிற்சியில் சேர்ந்தார். பிறகு பல்கலைக்கழக வகுப்பிலும் சேர்ந்து, 1943இல் தங்கப் பதக்கத்தோடு எம்.ஏ. முடித்தார். கிடைக்காத ஒரு வேலைதான் அவரைப் புள்ளியியலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1944இல் ராவ் அதே முதுகலை வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார். வயது இருபத்து நான்குகூட ஆகவில்லை. மாதிரியின் அளவு மிகப் பெரிதாக இருக்கும்போது பொருந்துகிற ஃபிஷரின் முடிவு ஒன்றை விளக்குகிறார். ஒரு மாணவர் எழுந்து, "மாதிரி சிறிதாக இருந்தால் இப்படி ஏதாவது சொல்ல முடியுமா?" என்ற பொருளில் கேட்கிறார். கேட்டவர் வி. எம். தாண்டேகர், பின்னாளில் பெரிய பொருளாதார அறிஞர் ஆனார். ராவிடம் அப்போது பதில் இல்லை. வீட்டுக்குப் போய் ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்து, அடுத்த நாள் பதிலோடு வந்தார்.

அந்தப் பதில் 1945இல் கட்டுரையாக வெளியானது. கையில் இருக்கும் மாதிரியை வைத்து ஒரு பக்கமும் சாயாமல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணித்தாலும், சிதறல் ஓர் எல்லைக்குக் கீழே இறங்காது. அந்த எல்லையைக் கணக்கிட்டுச் சொல்லலாம் என்பதுதான் அதன் சாரம். ஸ்வீடனைச் சேர்ந்த கிராமரும் தனியாக இதே முடிவுக்கு வந்ததால், அதற்குக் கிராமர்–ராவ் அசமன்பாடு என்று பெயர். இன்று உலகத்தில் எங்கே புள்ளியியல் முதுகலை படித்தாலும் இதைப் படிக்காமல் தாண்ட முடியாது. அதே முதுகலை வகுப்பில் ஒரு மாணவர் கேட்ட கேள்விதான் பாடத்திட்டத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, "ஸார், ஒரு சந்தேகம்" என்று கேட்கத் தயங்கியவர்கள் இதைக் கவனியுங்கள்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தத் துறைக்கு 1945இல் தலைவரானவர் ஆர். சி. போஸ். கணிதத்தில் பட்டம் வாங்கியவர். பேர்போன ஆராய்ச்சியாளராக இருந்தும் அவரிடம் முனைவர் பட்டம் இல்லை. அதுவரை வெளியான தன் கட்டுரைகளையே ஆய்வேடாகக் கொடுத்து 1947இல் டி.லிட். பெற்றார். 1959இல் ஆய்லர் என்ற மேதையின் ஏறக்குறைய 180 வருஷத்துக் கணிப்பு ஒன்றைத் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து தவறு என்று நிரூபித்தார். எம்.ஏ. புள்ளியியலைச் சொல்லிக் கொடுத்த முதல் தலைமுறைக்கு எம்.ஏ. புள்ளியியல் கிடையாது!

1959இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தது. 1960இல் பி.ஸ்டாட்., எம்.ஸ்டாட். படிப்புகள் தொடங்கின.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். பொன்னேரியில் பள்ளிப் படிப்பு படித்த ஒரு பையன். அப்பா அறிவியல் ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர். பையன் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஹானர்ஸ் சேர்ந்து 1959இல் முடித்தான். மறு வருஷமே சென்னைப் பல்கலைக்கழக எம்.ஏ. கல்கத்தா போய் ராவிடம் ஆய்வுக்குச் சேர்ந்தான். ஆலைகளில் தரக் கட்டுப்பாடு செய்யும் எண்ணத்தோடு போனவன், நண்பர்களின் சேர்க்கையால் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குள் போய்விட்டான். அந்தப் பையன்தான் 2007இல் ஏபல் பரிசு பெற்ற சீனிவாச வரதன். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

இனி இன்றைய நிலவரம். போனில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. புள்ளியியல் முடித்தவர்கள் நேராகச் சேரலாம். பி.எஸ்சி. கணிதம் படித்து, புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுத்தவர்களையும் நம் மாநிலத்தில் பல கல்லூரிகள் சேர்க்கின்றன. கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். விண்ணப்பக் குறிப்பேட்டை வரி விடாமல் படியுங்கள். இரண்டு வருஷம், நான்கு பருவம். நேரியல் இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு, நிகழ்தகவு, மாதிரியெடுப்பு, மதிப்பீடு, கருதுகோள் சோதனை, சோதனை வடிவமைப்பு, பன்மாறிப் பகுப்பாய்வு ஆகியவை முக்கியப் பாடங்கள். கணினியில் செய்முறையும், கடைசியில் ஒரு திட்டப்பணியும் இருக்கும். முதுகலைத் தேர்ச்சிக்குப் பொதுவாக ஐம்பது மதிப்பெண் வேண்டும்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர எழுத்துத் தேர்வு உண்டு, நேர்காணலும் உண்டு. தேறினால் படிப்புக் கட்டணம் இல்லை; மாதாமாதம் உதவித்தொகையும் கொடுப்பார்கள். ஐ.ஐ.டி.க்களுக்கு 'ஜாம்' நுழைவுத் தேர்வில் கணிதப் புள்ளியியல் என்று தனித் தாள் இருக்கிறது. படித்து முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். மருந்து ஆராய்ச்சி, வங்கி, காப்பீடு, கணினி நிறுவனங்கள் என்று தனியார் பக்கமும் வேலை உண்டு.

இப்போது உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளை ஒருத்தி பி.எஸ்சி. கணிதம் நல்ல மதிப்பெண்ணில் முடித்திருக்கிறாள். துணைப்பாடமும் புள்ளியியல்தான். "கணக்குப் படிச்ச பிள்ளை இடையில போய் சமாளிக்குமா? இன்னும் ரெண்டு வருஷம் எதுக்கு? வரன் வேற வருது" என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பெரியவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. காலம் போகிறது, காசு போகிறது, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். ஆனால் சமாளிப்பாளா என்ற சந்தேகத்துக்கு மேலே சொன்ன வரலாறே பதில். மஹலநோபிஸ் இயற்பியலிலிருந்து வந்தார். போஸும் ராவும் கணிதத்திலிருந்து வந்தார்கள். கணக்குப் படித்த பிள்ளை இந்த வாசலுக்கு அந்நியம் இல்லை. முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் வரும். வருகிற வரன் நல்ல வரனாக இருந்தால் இரண்டு வருஷம் காத்திருக்கும். கல்லூரியின் கடைசித் தேதி காத்திருக்காது.

படிக்கப் போகிற பிள்ளைகள் மூன்று வேலை செய்யுங்கள். துணைப்பாட மதிப்பெண் பட்டியலை எடுத்து வையுங்கள். குறைந்தது மூன்று கல்லூரிக்காவது விண்ணப்பம் போடுங்கள். நிகழ்தகவும் அணிகளும் உள்ள பழைய பாடப் புத்தகத்தைத் தூசி தட்டி, தினம் ஐந்து கணக்கு போடுங்கள்.

சேர்ந்தவர்கள், சேரப் போகிறவர்கள், ஏற்கெனவே புள்ளியியல் படித்து வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் கீழே பெயரும் கல்லூரியும் எழுதுங்கள். பின்னால் வருகிற தம்பி தங்கைகள் யாரிடம் சந்தேகம் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்