சேர்வராயன் மலை இடதா, வலதா?

ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமம். நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் கைபேசியில் ஓர் அரசியல் வினாடிவினாவைத் திறந்து, ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழாக்கிப் பாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தான். ஏற்பதா, மறுப்பதா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பாட்டி எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். நடுவில் ஒருமுறை, "ஏன்டா, பட்டா பத்தி எப்பக் கேப்பான்?" என்றார். கடைசிவரை கேட்கவில்லை. திரையின் நடுப்பக்கமாக ஒரு புள்ளி விழுந்தது. பாட்டி மிதவாதியாம்.

சிரித்துவிட்டோம். பிறகுதான் உறுத்தியது.

இந்த வகையில் பெயர்பெற்ற 'பொலிட்டிக்கல் காம்பஸ்' 2001-இல் இணையத்துக்கு வந்தது. 62 வாக்கியங்கள், நான்கு விடைகள். 'தெரியவில்லை' என்றோ 'கேள்வியே தப்பு' என்றோ சொல்ல வழியில்லை. இடது, வலது என்ற பிரிப்பு 1789-இல் பிரெஞ்சு அவையில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தது. அந்த நாற்காலி வரிசையை மலைமேலும் போட்டுப் பார்க்கிறார்கள். சோதிடம் பற்றிக்கூட அதில் ஒரு வாக்கியம் உண்டு. சாதி பற்றிக் கிடையாது.

இன்னொரு சூட்சுமம், கூட்டிக் கழிப்பது. வனத்துறை விலகிப் போகட்டும், ஆனால் ரேஷனும் பட்டாவும் அரசு தரட்டும் என்பவரிடம் இருப்பது இரண்டு உறுதியான நிலைப்பாடுகள். சராசரி அவரை நடுவில் கொண்டுபோய் வைக்கிறது. அதிகாரத்தின் முன்னால் சொல்லப்படும் 'சரி'யோ, பல சமயம் சம்மதமே இல்லை, பிழைக்கிற வழி.

இந்த மலைக்கு அளவுகோல் ஏறுவது முதல் தடவையுமல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்தியவர். அருங்காட்சியகம் 1899-இல் வெளியிட்ட அவருடைய இதழொன்றில் சேர்வராயன் மலையாளிகளும் இடம்பெற்றார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், இவர்கள் மலையில் வாழும் தமிழர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது இவர்களுடைய சொந்தக் கதை. 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னர் மலையில் எஸ்டேட்டுகள் எழுந்தன. 'நிலம் யாருடையது?' என்பது மூக்களவில் அகப்படாத கேள்வி.

சுதந்திர அரசின் கட்டங்களும் இப்படித்தான். சேலத்து மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் மலையாளிக்குப் பட்டியலில் இடமில்லை. ஆள் மாறவில்லை, மாவட்டம்தான் மாறுகிறது.

2013-ஐ நினைத்துப் பாருங்கள். யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லாதவர் அதற்கு முன்னால் 49-ஓ விதிப்படி வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். இரகசியம் அங்கேயே போச்சு. அந்தச் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு தொகுதியின் இடைத்தேர்தலில்தான் தமிழ்நாடு முதன்முதலாக நோட்டாவைப் பார்த்தது. அ.தி.மு.க.வின் சரோஜா 78,116 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நோட்டாவுக்கு 4,431.

அந்த 4,431-க்கு என்ன அர்த்தம்? நிலமா, சாலையா, கட்சிகள்மேல் சலிப்பா? எண் சொல்லாது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வினாடிவினா தராத ஓர் இடத்தை நோட்டா தந்தது: உங்கள் பட்டியலில் என் விடை இல்லை என்று சொல்லும் இடம். அதற்கு மேல் பேச அதற்கும் வாயில்லை.

கைபேசியை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. கருத்துக்கணிப்புப் படிவத்தோடும், நமது கோட்பாட்டுச் சொற்களோடும் மலையேறுகிறவர்கள் நாமும்தான். இவர்களுக்கு வர்க்க உணர்வு இருக்கிறதா, அடையாள அரசியலா என்று நாமும் புள்ளி வைத்துவிட்டுத்தான் கீழே இறங்குகிறோம். விடைகளைச் சேகரிப்பது எளிது. கேள்வியை யார் எழுதுவது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

பாட்டி சொன்ன விடைகள் எல்லாம் கணக்கில் ஏறின. அவர் கேட்ட ஒரே கேள்வி ஏறவில்லை.