தேம்ஸுக்கு அடியில் ஒரு அகதி போட்ட பாதை

லண்டனில் இருக்கிற எங்கட சனத்துக்கு ரியூப் என்றால் ஒயிஸ்டர் காட், வார இறுதியில் மூடிக் கிடக்கும் பாதை, காலை நெரிசல், இவ்வளவுதான். இதை ஆர் தோண்டினது, எப்படித் தோண்டினது என்று கேட்டால் "வெள்ளைக்காரன்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அந்த வெள்ளைக்காரனைப் பற்றித்தான் கன நாளாக எழுத நினைத்திருந்தேன். ஏனென்றால் அவர் இங்கிலாந்துக்காரர் இல்லை. பிரான்சில் இருந்து உயிர் தப்பி ஓடி வந்தவர். கடன் கட்ட முடியாமல் சிறையில் இருந்தவர். மார்க் புரூனெல் என்று பெயர். இன்றைக்கு உலகத்தில் எந்த நகரத்தில் பாதாள ரயிலுக்குச் சுரங்கம் துளைத்தாலும் அங்கே ஓடுகிற இயந்திரத்தின் பூட்டன் இந்த மனிசனின் மூளையில்தான் பிறந்தது.

முதலில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழி வெட்டுகிற கஷ்டம் எங்கட தலைமுறைக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. வீட்டு வளவுக்குள் பதுங்குகுழி வெட்டின ஆட்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல் வந்துவிடும், அலவாங்கு போட்டு இடித்தாலும் அசையாது. வன்னிக்குப் போனால் மண் இளக்கம், ஆனால் மழைக்குப் பக்கச்சுவர் சரிந்து விழும். அப்பாவும் பெரியப்பாவும் பனங்குற்றியை மேலே அடுக்கி மண்மூட்டை போட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வெட்டுகிறது பெரிய காரியமில்லை, வெட்டின இடத்தை விழாமல் பிடித்து வைத்திருப்பதுதான் காரியம் என்று பெரியப்பா சொல்லுவார். சுரங்கப் பொறியியலின் அடிப்படையும் இதேதான். யாழ் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தோடு என் படிப்பு நின்றுபோனாலும் இந்தப் பாடம் அதற்கு முதலே வீட்டில் கிடைத்துவிட்டது.

இனி புரூனெலின் கதை. 1769இல் நோர்மண்டியில் பிறந்தவர். கடற்படையில் இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சி நடந்தபோது அரசர் பக்கம் கதைத்ததால் 1793இல் நாட்டைவிட்டு ஓட வேண்டி வந்தது. கப்பலேறி நியூயோர்க் போனார். அங்கே அமெரிக்கப் பிரஜையாகி, அந்த நகரத்தின் தலைமைப் பொறியியலாளராகவும் ஆனார். அவர் விரும்பிய பெண், சோபியா கிங்டம், ஆங்கிலேயப் பெண். அவர் பிரான்சிலேயே அகப்பட்டு, எதிரி நாட்டுக்காரி என்று பயங்கர ஆட்சிக் காலத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார். விடுதலையாகி அவர் இங்கிலாந்து திரும்ப, புரூனெலும் 1799இல் இங்கே வந்து அவரைக் கலியாணம் முடித்தார். ஒருவர் அகதி, மற்றவர் தடுப்பில் இருந்து வந்தவர். இந்த மாதிரியான சோடிகளை நான் ஈஸ்ற்ஹாமிலும் பார்த்திருக்கிறேன்.

இங்கே வந்து கடற்படைக்குக் கப்பல் கப்பிகள் செய்யும் இயந்திரங்களை வடிவமைத்தார். பிறகு இராணுவத்துக்குச் சப்பாத்துச் செய்யும் தொழிற்சாலை வைத்தார். 1815இல் நெப்போலியனோடு நடந்த சண்டை முடிந்ததும் அரசாங்கம் சப்பாத்து வாங்குவதை நிறுத்திவிட்டது. சமாதானம் வந்ததால் நட்டப்பட்ட மனிசன்! அவருடைய மரம் அரியும் ஆலையும் அதற்கு முதல் வருடம் எரிந்து போயிருந்தது. கடைசியில் 1821இல் கடனாளிகளுக்கான சிறைக்குப் போனார். சோபியாவும் கூடப் போனார். ரஷ்யாவுக்குப் போகப் போகிறேன் என்று அவர் அங்கிருந்து கடிதம் எழுதத் தொடங்கிய பிறகுதான் பிரித்தானிய அரசாங்கத்துக்கு விழிப்பு வந்தது. 5000 பவுண்ஸ் கொடுத்துக் கடனைத் தீர்த்து வெளியில் எடுத்தார்கள். நிபந்தனை, இங்கிலாந்தை விட்டுப் போகக்கூடாது. அகதியைப் போகாதே என்று ஒரு நாடு காசு கொடுத்து மறித்த கதை வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

அந்தக் காலத்தில் லண்டன் துறைமுகம் உலகிலேயே மும்முரமானது. ஆற்றின் இந்தக் கரையில் இறக்கின சரக்கை அந்தக் கரைக்குக் கொண்டுபோக லண்டன் பாலத்தைச் சுற்ற வேண்டும். இன்னொரு பாலம் கட்டினால் பாய்க்கப்பல்கள் போக முடியாது. ஆகவே ஆற்றுக்கு அடியால் போக வேண்டும். ஏற்கெனவே 1807, 1808இல் கோர்ன்வால் சுரங்கத் தொழிலாளர்களை வைத்து முயன்று, தண்ணீர் உடைத்து உள்ளே வந்து, கைவிட்டிருந்தார்கள். கல்லுக்குள் தோண்டத் தெரிந்தவனுக்கு ஆற்றுச் சேற்றுக்குள் தோண்டத் தெரியவில்லை.

புரூனெலுக்கு வழி காட்டியது ஒரு புழு என்று சொல்வார்கள். கப்பல் மரத்தைத் துளைக்கிற புழு. அதன் தலையில் கெட்டியான ஓடு. அந்த ஓட்டால் மரத்தை அராவிக்கொண்டு முன்னே போகும். போகப் போகப் பின்னால் துளையின் சுவருக்குத் தானே சுண்ணாம்புப் பூச்சுப் பூசிக்கொண்டு போகும். முன்னுக்குக் காப்பு, பின்னுக்கு உடனே சுவர். இதை வைத்து 1818இல் ஒரு கருவிக்கு உரிமம் எடுத்தார். ஷீல்ட், அதாவது கேடயம் என்று பெயர்.

1825இல் தென்கரையில் ரொதர்ஹைத் என்ற இடத்தில் வேலை தொடங்கியது. முதலில் கீழே இறங்க ஒரு கிணறு வேண்டும். நிலத்தைத் தோண்டிப் பிறகு கட்டாமல், நிலத்துக்கு மேலேயே 15 மீற்றர் விட்டத்தில், சுமார் 12 மீற்றர் உயரத்துக்கு வட்டமாகச் செங்கல் சுவரைக் கட்டினார்கள். அடியில் இரும்பு வளையம். பிறகு உள்ளே நின்று மண்ணை அள்ளினார்கள். அள்ள அள்ள அந்த ஆயிரம் ரொன் கோபுரம் தன்ர பாரத்தில் தானே மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறங்கியது. லண்டன் சனம் இதை வந்து அதிசயமாகப் பார்த்ததாம். எங்கட மணற்பாங்கான கரையோர ஊர்களில் கொங்கிறீற் வளையம் இறக்கிக் கிணறு கட்டுகிறவர்கள் பார்த்திருந்தால், இதில் என்ன இருக்கு என்று கேட்டிருப்பார்கள்.

கிணறு இறங்கிய பிறகுதான் கேடயத்தின் வேலை. பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள் புத்தகங்கள் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு சட்டத்திலும் மேலும் கீழுமாக மூன்று அறைகள். மொத்தம் 36 அறை, அறைக்கு ஒரு ஆள். ஆளுக்கு முன்னால் மண். அந்த மண்ணைச் சின்னச் சின்னப் பலகைகள் தாங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பலகையும் திருகி இறுக்கியபடி இருக்கும். தொழிலாளி ஒரு பலகையை மட்டும் கழற்றி, அதன் பின்னால் நாலரை அங்குலம் மண்ணை வெட்டி, உடனே பலகையை முன்னே தள்ளி இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த பலகை. எல்லாப் பலகையும் முடிந்தால் சட்டத்தை முன்னே தள்ளுவார்கள். பின்னால் நிற்கிற மேசன்மார் உடனே செங்கல் வைத்துக் கட்டுவார்கள். நல்ல கிழமையில் மூன்று மீற்றர் போனால் பெரிய விசயம். ஒரு நேரத்தில் ஒரு பலகையளவு மண்தான் திறந்திருக்கும். பெரியப்பா சொன்னதைச் செய்து காட்டிய கருவி இதுதான்.

ஆனால் கேடயம் மண்ணைத்தான் தடுக்கும். தண்ணீரையும் காற்றையும் தடுக்காது. அப்போதைய தேம்ஸ் நதி லண்டன் முழுவதற்கும் திறந்த மலக்கான். மேலே ஆற்றின் அடித்தளம் சில அடி தூரத்தில்தான். அதில் இருந்து கசிந்த அழுகல் தண்ணீர் நாள் முழுக்கத் தலையில் ஒழுகியது. அந்தச் சேற்றில் இருந்து வந்த வாயு விளக்கில் பட்டு அடிக்கடி தீப்பிடித்தது. ஆட்களுக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம், கண் பார்வை மங்கல். 1826இல் பொறுப்பாக நின்ற பொறியியலாளரும் நோயில் விழ, புரூனெலின் 20 வயது மகன் இசம்பார்ட் அந்தப் பொறுப்பை எடுத்தார். பிற்காலத்தில் பெரிய கப்பல்களும் ரயில் பாதைகளும் கட்டி அப்பாவைவிடப் புகழ் பெற்றவர் இவர்தான்.

கம்பனி இயக்குநர்களுக்குக் காசு முடிந்துகொண்டு வந்தது. என்ன செய்தார்கள்? 1827இல் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு பொதுமக்களைச் சுரங்கத்துக்குள் வேடிக்கை பார்க்க விட்டார்கள்! முன்னே 36 பேர் மலத்தண்ணீரில் நனைந்தபடி உயிரைக் கையில் பிடித்து வெட்டுகிறார்கள். பின்னே தொப்பி போட்ட துரைமாரும் சீமாட்டிகளும் உலாப் போகிறார்கள். நான் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ரில் குசினிக்கும் மேசைகளுக்கும் நடுவில் ஒரு ஆடு கதவு இருக்கிறது. இந்தச் சுரங்கத்தில் அந்தக் கதவுகூட இல்லை.

அதே வருடம் மே 18ஆம் திகதி ஆறு உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அன்று எல்லோரும் தப்பிவிட்டார்கள். ஆற்றின் அடியில் விழுந்த ஓட்டையை, மேலே படகில் இருந்து களிமண் மூட்டைகளைப் போட்டு அடைத்தார்கள். தண்ணீரை இறைத்து முடித்ததும், பயம் போகட்டும் என்று நவம்பரில் சுரங்கத்துக்குள்ளேயே விருந்து வைத்தார் இசம்பார்ட். பிரமுகர்கள் வந்து சாப்பிட்டார்கள், இராணுவ வாத்தியக்குழு வாசித்தது. இரண்டு மாதம் கழித்து, 1828 ஜனவரி 12ஆம் திகதி, ஆறு திரும்ப வந்தது. ஆறு பேர் செத்துப்போனார்கள். இசம்பார்ட் அடித்துச் செல்லப்பட்டு மயிரிழையில் தப்பினார். வரலாற்றை வாசித்தால் இசம்பார்டுக்கு எங்கே அடிபட்டது, தேற எத்தனை மாதம் எடுத்தது என்றெல்லாம் விபரம் கிடைக்கும். மற்ற ஆறு பேருக்குப் பெரும்பாலும் "ஆறு தொழிலாளர்" என்ற இரண்டு சொல்தான்.

காசு முடிந்தது. சுரங்கத்தின் முனையைச் செங்கல்லால் அடைத்து, பார்க்க வருகிறவர்களுக்காக அதில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். ஏழு வருடம் அப்படியே கிடந்தது. பிறகு அரசாங்கக் கடன், புதிய கேடயம், திரும்பவும் வெள்ளம், திரும்பவும் தீ. 1843 மார்ச் 25ஆம் திகதி திறந்தார்கள். நீளம் 396 மீற்றர். அதற்குப் பதினெட்டு வருடம்! கப்பல் ஓடுகிற ஆற்றின் கீழ் மனிதன் கட்டி முடித்த முதல் சுரங்கம் அது. வண்டிகள் இறங்கப் பாதை கட்டக் காசில்லாததால் சரக்குக்காகக் கட்டிய சுரங்கத்தில் ஒரு பென்னி கொடுத்து ஆட்கள் மட்டும் நடந்தார்கள். உள்ளே கடைகள் வந்தன, பிறகு கள்ளரும் வந்தார்கள். 1865இல் ரயில் கம்பனி வாங்கிப் பிறகு தண்டவாளம் போட்டது. இன்றும் வோப்பிங்கிற்கும் ரொதர்ஹைத்துக்கும் இடையில் ஓவர்கிரவுண்ட் ரயில் அதே சுரங்கத்தால்தான் ஓடுகிறது. 2024இல் இருந்து அந்தப் பாதைக்கு விண்ட்றஷ் என்று பெயர். 1948இல் கரிபியன் சனத்தை ஏற்றி வந்த கப்பலின் பெயர் அது.

இதற்கிடையில் லண்டன்காரர் வேறொரு சுலபமான வழியும் பிடித்தார்கள். வீதியை மேலே இருந்து பிளந்து, தண்டவாளம் போட்டு, திரும்ப மூடுவது. உலகின் முதல் பாதாள ரயில், 1863 ஜனவரி 10ஆம் திகதி பாடிங்டனில் இருந்து பரிங்டன் வரை ஓடியது, இப்படித்தான் கட்டப்பட்டது. நீராவி இயந்திரம், உள்ளே ஒரே புகை. ஆனாலும் முதல் நாளே 38,000 பேர் போனார்கள். இப்படிப் பிளப்பதற்குப் பணக்காரர் வீடுகளுக்குக் கிட்டப் போனால் நட்டஈடு கூட. ஆகவே பரிங்டன் பக்கத்து ஃப்ளீட் பள்ளத்தாக்கில் இருந்த ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தார்கள். வீட்டு முதலாளிக்குக் காசு கிடைத்தது. கிழமை வாடகைக்கு இருந்த ஆயிரக்கணக்கான சனத்துக்கு ஒன்றும் இல்லை. சட்டி பானையோடு பக்கத்துச் சேரிக்குப் போய் இன்னும் நெருக்கி இருந்தார்கள். சார்ல்ஸ் பியர்சன் என்கிற நகரசபை வழக்கறிஞர், ஏழைகள் மலிவு ரயிலில் நல்ல காற்றுள்ள இடத்தில் இருந்து வேலைக்கு வரலாம் என்று கனவு கண்டு இந்த ரயிலுக்காக வருடக்கணக்கில் வாதாடியவர். திறப்பதற்குச் சில மாதம் முன்பு இறந்துபோனார்.

ஆழத்தில் துளைக்கிற ரியூப்புக்குத் திரும்பவும் புரூனெலின் கேடயம்தான் தேவைப்பட்டது. தென்னாபிரிக்காவில் பிறந்த ஜேம்ஸ் கிறெட்ஹெட் அதை வட்டமாக்கினார். செங்கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் பூட்டினார். 1890இல் திறந்த முதல் மின்சார ரியூப் அவருடையது. இன்றைய நோர்தேர்ன் பாதையின் ஒரு துண்டு. அந்தப் பாதை வளைந்து வளைந்து போவதற்குக் காரணமும் காசுதான். தனியார் காணிக்குக் கீழே போனால் பணம் கட்ட வேண்டும், பொது வீதிக்குக் கீழே போனால் தேவையில்லை. லண்டனின் வடக்கில் சுரங்கம் கூட, தெற்கில் குறைவு என்பதற்கு மண்ணும் ஒரு காரணம். வடக்கில் நல்ல நீலக்களி, வெட்டினால் பாண் மாதிரி நிற்கும். தெற்கில் மணலும் சரளையும் தண்ணீரும்.

நான் சொன்ன பதுங்குகுழிக் கதைக்கு லண்டனிலும் ஒரு துண்டு இருக்கிறது. பெத்னல் கிறீன் ஸ்ரேசனைச் சண்டை தொடங்கியபோது கட்டி முடிக்கவில்லை. தண்டவாளம் போடாத அந்தச் சுரங்கத்தில் சனம் குண்டுக்குப் பயந்து படுத்தது. 1943 மார்ச் 3ஆம் திகதி இரவு, பக்கத்துப் பூங்காவில் புதுவகை விமான எதிர்ப்பு ரொக்கற் வெடித்த சத்தத்தை விழுகிற குண்டு என்று நினைத்து உள்ளே ஓடிய சனம், இருட்டுப் படியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து 173 பேர் இறந்தார்கள். அதில் 62 பேர் பிள்ளைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டும் விழவில்லை. முழுமையான நினைவுத்தூபி 2017இல்தான் கட்டி முடிந்தது.

அண்மைக் காலத்தில் தோண்டிய பெரிய சுரங்கங்களில் ஒன்று எலிசபெத் பாதை. எட்டு இயந்திரங்கள் 2012இல் இருந்து 2015 வரை 42 கிலோமீற்றர் துளைத்தன. அவற்றுக்குப் பெண்களின் பெயர் வைப்பது வழக்கம். தேம்ஸுக்கு அடியால் போன இரண்டில் ஒன்றின் பெயர் சோபியா. சிறையில் இருந்து வந்த அந்தச் சோபியாவேதான். மற்றது மேரி, மகன் இசம்பார்டின் மனைவி. இப்போது முன்னே பலகை கழற்ற ஆள் தேவையில்லை, சுழலும் இரும்புத் தலை வெட்டும், பின்னே கொங்கிறீற் வளையம் தானாகப் பூட்டப்படும். ஆனாலும் இயந்திரம் போக முடியாத மூலைகள் இருக்கும். அங்கே கொங்கிறீற்றை விசிறிச் சுவர் பிடிப்பார்கள். 2014 மார்ச்சில் நகரத்தின் நடுவில் அப்படியான ஒரு மூலையில், விசிறின கொங்கிறீற் பெயர்ந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். நாற்பதுகளில் இருந்தவர், ஸ்லோவாக்கியாவில் இருந்து வேலைக்கு வந்தவர். ஒப்பந்தக்காரருக்கு 2017இல் பத்து இலட்சம் பவுண்ஸுக்கு மேல் தண்டம் விதித்தது நீதிமன்றம். ரயில் 2022 மே 24ஆம் திகதி ஓடத் தொடங்கியது. தோண்டின மண்ணில் முப்பது இலட்சம் ரொன்னுக்கு மேல் எசெக்ஸ் கரையில் இருக்கும் வொலசீ தீவுக்குப் போனது. அங்கே அதைப் பரப்பிப் பறவைகளுக்குச் சதுப்பு நிலம் செய்திருக்கிறார்கள்.