ஒரு கினி பந்தயம்

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் பக்கம் லிட்னி என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கட்டட கான்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமையானால் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். சங்கீதத்தில் கெட்டி, கணக்கில் கோட்டை விட்டவர். திவாலானார். 1892இல் பிறந்த அவருடைய கடைக்குட்டி ஹெர்பர்ட் ஹவெல்ஸுக்கு மிஞ்சியவை ஊர்ப் பேச்சும் ஆர்கனும்தான். 1912இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. இனிமேல் ஏறுமுகம்தான் என்று தோன்றிய 1915இல் டாக்டர்கள் நாள் குறித்தார்கள்: ஆறு மாதம்.

தைராய்டைத் தாக்கும் கிரேவ்ஸ் நோய். அப்போது ரேடியம் சிகிச்சை சோதனை நிலையில்தான் இருந்தது. எப்படியும் போகிற உயிர்தானே என்று கழுத்தில் ஊசி ஏற்றினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். அதைவிட வேடிக்கை, அவன் வயதுப் பிள்ளைகளையெல்லாம் முதல் உலகப் போர் வாரிக்கொண்டு போனபோது, கெடு வைத்த அதே வியாதிதான் அவனை ராணுவத்துக்கு லாயக்கற்றவனாக்கி வீட்டிலேயே உட்காரவைத்தது. ஆனால் வேறொரு குண்டு 1925இல் காத்திருந்தது.

அன்று ஹவெல்ஸின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ அரங்கேற்றம். கடைசி ஸ்வரம் அடங்கியதும் ஒரு விமர்சகர் எழுந்து, ஒருவழியாக முடிந்ததே, கடவுளுக்கு நன்றி என்று கத்தினார். ஹவெல்ஸ் அந்தப் படைப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார். பேனா ஏறக்குறைய ஓய்ந்தது. பத்து வருடம் கழித்து ஒன்பது வயது மகன் மைக்கேலை, விடுமுறைக்குப் போன இடத்தில் இளம்பிள்ளை வாதம் பிடித்தது. சில நாட்களில் எல்லாம் முடிந்தது. அந்தத் துக்கத்தில் எழுதிய பெரிய படைப்பைக்கூட ஹவெல்ஸ் யாருக்கும் காட்டாமல் 1950 வரை பூட்டி வைத்திருந்தார். அந்தப் பூட்டிய மனிதரைத் திறக்க இன்னொரு போர் வரவேண்டியிருந்தது.

1940இல் லண்டன் வீட்டில் குண்டு விழுந்தது. கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் காலேஜின் ஆர்கனிஸ்ட் ராபின் ஓர் என்பவர் விமானப்படைக்குப் போய்விட, 1941இல் அவர் இடத்துக்குத் தற்காலிகமாக வந்தார் ஹவெல்ஸ். ஐம்பதை நெருங்கும் வயதில் பதிலாள் வேலை! நடந்து போகிற தூரத்தில் கிங்ஸ் காலேஜ் சேப்பல். சித்திரக் கண்ணாடிகளைப் போருக்குப் பயந்து கழற்றி வைத்திருந்தார்கள். அந்தக் காலேஜின் டீன் எரிக் மில்னர்-வைட் ஒருநாள் தேநீருக்கு அழைத்திருந்தார். பேச்சுவாக்கில் ஒரு பந்தயம் கட்டினார். கிங்ஸ் பாடகர் குழுவுக்கு ஹவெல்ஸ் ‘டெ டேயும்’ என்ற துதிப்பாட்டுக்கு இசை எழுதிக் கொடுத்தால் ஒரு கினி. அதாவது 21 ஷில்லிங்.

1944இல் ஹவெல்ஸ் ஜெயித்தார். ஆனால் டெ டேயும் காலை ஆராதனைக்கு உரியது. பந்தயம் அதோடு தீர்ந்தது, ஊற்றுதான் நிற்கவில்லை.

1945இல், யாரும் கினி வைக்காமலே, மாலைக்குரிய இரண்டு பாட்டுகளுக்கும் இசை வந்தது. லூக்கா சுவிசேஷத்தில் வரும் மரியாளின் பாட்டும், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோனின் பாட்டும். நூற்றாண்டுகளாக எத்தனையோ பேர் இசையமைத்தவைதான். ஹவெல்ஸ் வேறு வழி பிடித்தார். மரியாள் ஒரு இளம்பெண்; அவள் பாட்டை எடுத்த எடுப்பில் ஆண்கள் முழங்குவானேன்? ஆர்கன் மெல்ல விரிக்கும் ஒலியின்மேல் முதலில் சிறுவர் குரல்கள் மட்டும். வலியவர்கள் ஆசனத்திலிருந்து தள்ளப்படும் இடத்திலும் முரட்டுத்தனம் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். சிமியோனுக்கு ஒற்றை டெனர் குரல். மற்றவர்கள் அடியில் நிழல்போல. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கல் விதானத்தில் குரல் மிதந்து கரைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்து எழுதியிருந்தார்.

ஆங்கிலிகன் பேராலயங்களில் சாயங்காலம் சிறுவர்கள் வெள்ளை அங்கியோடு வரிசையாக வந்து நின்று, என்றைக்கோ முன்னோர் வைத்துவிட்டுப் போன சொத்துபோலப் பாடும் ‘கலீஜியம் ரீகலே’ இதுதான். பெயருக்கு லத்தீனில் கிங்ஸ் காலேஜ் என்றே அர்த்தம். பிறகு பேராலயங்களும் தங்களுக்கென்று கேட்கத் தொடங்கின. 1946இல் குளோஸ்டர், 1951இல் செயின்ட் பால்ஸ். செயின்ட் பால்ஸில் குவிமாடத்தின் எதிரொலி மிக நீளம்; அதனால் அதற்கு எழுதியபோது ஸ்வரக்கட்டுகள் மெதுவாகவே நகர்ந்தன. கான்ட்ராக்டர் மகன் அல்லவா, கட்டடத்தைப் பார்க்காமல் பாட்டுக்கு அஸ்திவாரம் போடவில்லை.