பரிகர்த்திகா: வைத்தியரின் தவறுக்கு வைத்த பெயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆசனவாயில் வரும் வெடிப்பைப் பற்றி எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை :-)

விடுதியில் என் அறைத்தோழன் நான்கு மாதம் இந்த நோயோடு இருந்தான். பக்கத்துக் கட்டிலில் படுத்த எனக்கே தெரியாது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, ஒரு மருந்துக் கடையில் 'மூலத்துக்கு ஏதாவது கொடுங்க' என்று கேட்டு, கடுமையான பேதிப் பொடி ஒன்றை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். மூன்றே நாளில் அவனால் வகுப்பில் உட்கார முடியவில்லை. மலச்சிக்கலால் வந்த நோய்க்குப் பேதி மருந்து சாப்பிட்டால் நல்லதுதானே, ஏன் மோசமானது? அந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போன நான், சுசுருத சம்ஹிதையின் மொழிபெயர்ப்பில் போய் நின்றேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம்' என்று சேர்த்தே எழுதிவைக்கிறார்களே, அவை ஒரே நோய் அல்ல. மூலம் என்பது இரத்தக்குழாய்கள் புடைத்து வருவது. பவுத்திரம் என்பது சீழ் வழி தேடிக் குடைந்த ஒரு சுரங்கம். வெடிப்பு என்பது ஆசனவாயின் உள்தோலில் விழும் கிழிசல். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் அதை நாள்பட்ட வெடிப்பு என்கிறார்கள். அப்போது அதன் வெளி முனையில் சின்னதாக ஒரு தோல் முடிச்சு வளரும். பலர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் 'எனக்கு மூலம்' என்று முடிவு கட்டுகிறார்கள்.

சுசுருதரிடம் மூலத்துக்கு (அர்சஸ்) தனி அத்தியாயம் இருக்கிறது. மருந்து, காரம், சூடு, கத்தி என்று நான்கு வழிகள் சொல்கிறார். பவுத்திரத்துக்கும் (பகந்தரம்) தனி அத்தியாயம் உண்டு. வெடிப்புக்கு? தேடித் தேடிப் பார்த்தேன், தனி அத்தியாயம் இல்லை. கடைசியில் கிடைத்த இடம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சிகிச்சா ஸ்தானத்தின் 34-ஆம் அத்தியாயம். அது நோய்களைப் பற்றிய அத்தியாயமே அல்ல. வாந்தி மருந்தும் பேதி மருந்தும் தவறாகப் போனால் என்னென்ன கேடு வரும் என்று பதினைந்தைக் கணக்கிட்டுச் சொல்லும் அத்தியாயம். அந்தப் பட்டியலில் ஒன்றுதான் பரிகர்த்திகா. சுற்றிலும் வெட்டுவது போன்ற வலி என்று பொருள். (வெடிப்பு வந்தவர்கள் இந்தப் பெயரைப் படித்தாலே தலையாட்டுவார்கள்.)

காரணத்தை இப்படிச் சொல்கிறது நூல்: மெலிந்தவன், குடல் மென்மையானவன், செரிமானம் மந்தமானவன், உடல் வறண்டவன், இவர்களுக்குக் கூர்மையும் சூடும் உப்பும் மிகுந்த பேதி மருந்தைக் கொடுத்தால் வாதமும் பித்தமும் கெட்டு இந்த வலி வரும். வாத பித்தக் கணக்கை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் குற்றம் யார் மேல் வைக்கப்படுகிறது என்று பாருங்கள். ஆளைப் பார்க்காமல் மருந்தை அளந்தவன் மேல்! என் அறைத்தோழனின் கதையை அப்படியே எழுதி வைத்தது போல இருந்தது.

சிகிச்சையும் அதற்கேற்றதுதான். கத்தி கிடையாது, காரம் கிடையாது. இலந்தை, இலவு போன்ற மரங்களின் கொழுந்துகளைப் பாலில் வேகவைத்து, வழுவழுப்பான அந்தக் குழம்பை ஆசனவாய் வழியாகச் செலுத்துவார்கள். இதற்குப் பிச்சாவஸ்தி என்று பெயர். இதோடு அதிமதுரம், கறுப்பு எள், தேன், நெய். மேலே குளிர்ந்த நீர் ஊற்றி, பாலோடு சாப்பாடு கொடுத்து, பிறகு அதிமதுரத் தைலத்தையோ நெய்யின் தெளிவையோ உள்ளே செலுத்தச் சொல்கிறார். புண்ணாக்கிய இடத்தைச் சமாதானப்படுத்துகிற வேலை, அவ்வளவுதான்.

சரகரும் இதை சித்தி ஸ்தானத்தின் 6-ஆம் அத்தியாயத்தில், பேதியும் வாந்தியும் தவறும்போது வரும் பத்துக் கேடுகளில் ஒன்றாகத்தான் வைக்கிறார். அதற்கு முந்தைய அத்தியாயம் இன்னும் சுவாரசியமானது. வஸ்தி கொடுக்கும் குழாயில் என்னென்ன குறை இருக்கலாம் என்று எட்டு சொல்கிறது: குட்டை, நீளம், மெலிவு, தடிப்பு, பழசு, தளர்ந்த கட்டு, பக்கவாட்டில் ஓட்டை, கோணல். ஒவ்வொன்றாலும் நோயாளிக்கு என்ன ஆகும் என்றும் சொல்கிறது, உள்ளே காயம்படுவது உட்பட. நல்ல குழாய் பசுவின் வால் போலக் கூம்பி, வழவழப்பாக இருக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு ஆறு விரற்கடை நீளம், பச்சைப்பயறு நுழையும் துளை. இருபது வயதுக்காரனுக்குப் பன்னிரண்டு விரற்கடை, இலந்தைப்பழம் நுழையும் துளை. கை தவறி யாருக்கோ காயம் பட்டுப் பட்டுத்தானே இந்த அளவுகளெல்லாம் வந்திருக்கும்?

தவறு இல்லாமலும் இந்த வலி வரும் என்று பேசுவது காசியப சம்ஹிதை. குறைபட்டுப் போன ஒரு சுவடி நேபாளத்தில் கிடைத்து, 1938-இல் ஹேமராஜ சர்மாவின் முன்னுரையோடு அச்சான நூல் அது. கர்ப்பிணிகளுக்கு வரும் பரிகர்த்திகாவை மூன்று வகையாகப் பிரித்துத் தனித்தனியே மருந்து சொல்கிறது. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் வெடிப்பு சாதாரணம் என்பது இன்று எந்த மகப்பேறு மருத்துவருக்கும் தெரிந்ததே.

இன்றைய ஆயுர்வேதப் பாடப்புத்தகங்களில் பரிகர்த்திகா என்றால் ஆசனவாய் வெடிப்பு என்று ஒரே வரியில் சமன் போட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சுசுருதர் அந்த வலி ஆசனவாயில் மட்டுமல்ல, தொப்புளிலும் ஆண்குறியிலும் சிறுநீர்ப்பையின் தலைப்பிலும் வரும் என்கிறார். வெடிப்பு அதற்குள் அடங்கலாம், ஆனால் அது மட்டுமே அல்ல. இந்தச் சமன்பாட்டில் 'இது மருந்து கொடுத்தவனின் பிழை' என்ற பாதியும் காணாமல் போய்விட்டது.

இன்னொரு கலப்பும் நடந்திருக்கிறது. இலைக்கள்ளிப் பாலும் நாயுருவிக் காரமும் மஞ்சளும் இருபத்தொரு முறை பூசிய காரநூல் (க்ஷாரசூத்திரம்) பவுத்திரத்துக்குப் பேர்போனது. 1991-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல மைய ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் 11 சதவீதம் பேருக்குப் பவுத்திரம் திரும்பி வந்தது, காரநூலுக்குப் பின் 4 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் ஆற எடுத்த காலம் இரண்டு மடங்கு. அந்தப் பெருமையை அப்படியே வெடிப்புக்கும் ஒட்டவைத்து விளம்பரம் செய்கிறார்கள். வெடிப்பில் காரநூலுக்கு வேலை உண்டென்றால், வெளியே வளர்ந்த அந்தத் தோல் முடிச்சைக் கட்டி அறுப்பதற்குத்தான்.

ஐரோப்பிய மருத்துவம் எதிர்த்திசையில் வந்திருக்கிறது. 1951-இல் ஜோகன்னஸ்பர்க்கின் ஐசன்ஹாமர் உள்சுருக்குத் தசையை வெட்டினார். 1969-இல் நொட்டாரஸ் அந்த வெட்டைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். நன்றாகவே பலித்தது, ஆனால் சிலருக்கு மலத்தை அடக்கும் சக்தி குறைந்தது. தசை இறுகுவதால் இரத்தம் போகாமல்தான் புண் ஆறவில்லை என்று தெரிந்த பிறகு, வெட்டாமலே தசையைத் தளர்த்தும் வழியைத் தேடினார்கள். நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் நைட்ரோகிளிசரினைக் களிம்பாக்கி லுண்டும் ஸ்கோல்ஃபீல்டும் செய்த ஆய்வு 1997-இல் லான்செட்டில் வந்தது. இன்று முதலில் நார்ச்சத்தும் இளஞ்சூட்டு நீரும் களிம்பும், பலிக்காவிட்டால்தான் கத்தி.

என் அறைத்தோழனுக்கும் அதுதான் நடந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, 'பேதிக்கு என்ன சாப்பிட்டாய்?' பொடியை நிறுத்தி, இசப்கோல் கொடுத்து, களிம்பு எழுதித் தந்து, தினமும் இருமுறை வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னார். விடுதியில் தொட்டிக்கு எங்கே போவது? துணி துவைக்கும் என் பிளாஸ்டிக் தொட்டியைக் கொடுத்தேன். ஏழு வாரத்தில் சரியாகிவிட்டது. தொட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தான், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.