தக்கை செய்தோர் கார் செய்த வரலாறு

யப்பானிய மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேச்செழுந்தால், விலை குறைவு, பெற்றோற் செலவு குறைவு, பழுது குறைவு என்னும் மூன்று குறைவுகளையே நிறைவுகளாக எடுத்துக் கூறுவது உலக வழக்கமாகிவிட்டது. அந்நாட்டின் பெரிய நிறுவனங்கள் பலவற்றுக்கு இக்கூற்றுப் பொருந்தும். ஆயின், இம்மூன்றனுள் நடுவணதாகிய பெற்றோற் சிக்கனத்தை ஒரு காலத்திற் பொருட்படுத்தாது, பிறர் எவரும் செய்து முடிக்காத ஓர் இயந்திரத்தை நம்பித் தன் வாழ்வையே பணயம் வைத்த நிறுவனம் ஒன்றும் அங்கு உண்டு. அதன் பெயர் மாஸ்டா. தோன்றிய ஊர் ஹிரோஷிமா. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து நோக்கினாலன்றி அதன் வரலாறு விளங்காது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். பழம் பாரசீகரின் சரதுஷ்டிர சமயத்தில் ஞானத்துக்கும் ஒளிக்கும் உரிய கடவுள் அகுர மாஸ்டா எனப்படுவார். அப்பெயரைத் தம் வண்டிகளுக்குச் சூட்டியதாக நிறுவனத்தார் கூறுவர். அதனை வளர்த்தவரின் குடும்பப் பெயர் மட்சுதா என்பதையும் நாம் மறக்கலாகாது. கடவுளுக்கும் முதலாளிக்கும் ஒரே பெயரால் மரியாதை செய்துகொண்ட சாதுரியம் அது போலும்!

மட்சுதா ஜுஜிரோ 1875 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6 ஆம் நாள் ஹிரோஷிமாவை அடுத்த ஒரு மீனவக் குடும்பத்திற் பன்னிரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். இளமையிலேயே ஒசாக்கா நகருக்குச் சென்று கொல்லுத் தொழில் பயின்றார். இரும்பை அடித்துப் பழகிய இம்மனிதர் பிற்காலத்தில் ஊர் திரும்பி ஏற்றுக்கொண்ட பணியோ இரும்போடு எவ்வகையிலும் தொடர்பில்லாதது. முதலாம் உலகப் போரின்போது மேல்நாடுகளிலிருந்து வரும் தக்கை அருகிவிடவே, உள்நாட்டு மரமொன்றின் பட்டையைக் கொண்டு தக்கை செய்யும் தொழில் ஹிரோஷிமாவில் எழுந்தது. அதனை நடத்துவதற்கென 1920 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ‘தோயோ தக்கைத் தொழில்’ நிறுவனம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மட்சுதா அதன் தலைவரானார். போர் முடிந்து இறக்குமதித் தக்கை மீண்டும் வரத் தொடங்கியதும் அத்தொழிலுக்கு எதிர்காலம் இல்லை என்பதை அவர் உணர்ந்தார். 1927 இல் ‘தக்கை’ என்னும் சொல் பெயரிலிருந்து நீங்கி, ‘தோயோ தொழில்’ நிறுவனம் என்பதே எஞ்சியது. கொல்லர் தம் பழைய உலைக்களத்துக்கு மீண்டார் எனலாம்.

1931 ஆம் ஆண்டில் அத்தொழிலகத்திலிருந்து முதலாவது முச்சக்கர வண்டி வெளிவந்தது. முச்சக்கர வண்டி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது வாடகைக்கு ஓடும் ஓட்டோ. இது வேறு வகை. முன்பாதி மோட்டார் சைக்கிள், பின்பாதி சரக்குத் தட்டு. பெருங் காரை வாங்க இயலாத சிறு வணிகருக்கும் கமக்காரருக்கும் இதுவே கைகொடுத்தது. ‘மாஸ்டா’ என்னும் பெயர் முதன்முதல் ஏறியதும் இவ்வண்டியின்மீதுதான். பின்னர்ப் போர்க்காலம் வந்தது. வண்டி செய்த கைகள் படைக்குத் துப்பாக்கி செய்தன. இதனை மறைத்து வரலாறு கூறுவது முறையன்று.

1945 ஆகஸ்ட் 6 ஆம் நாள், மட்சுதா எழுபது வயதை எய்திய அதே நாளின் காலையில், ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீழ்ந்தது. தொழிலகம் நகரின் கிழக்கே பூச்சு என்னும் இடத்தில், வெடிப்பு நிகழ்ந்த நடுவிடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. இடையே ஹிஜியாமா என்னும் சிறு குன்று நின்றது. குன்றின் மறைப்பினாற் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. ஆயினும் நகரினுள் இருந்த ஊழியருள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோர் காயமுற்றோரைத் தொழிலகத்துக்கே கொண்டுவந்து சேர்த்தனர், அது மருத்துவமனையாயிற்று. ஹிரோஷிமா மாநில நிருவாகம் தன் செயலகத்தையும் அலுவலர் பலரையும் ஒருங்கே இழந்திருந்தது. நின்ற கட்டடங்கள் வேறெங்கும் அரியவாதலால், 1945 ஆகஸ்ட் 20 முதல் அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரை அம்மாநில அரசே இந்த வண்டித் தொழிலகத்தினுள் அமர்ந்து ஆட்சி செய்தது. நீதித்துறையும் செய்தி நிறுவனங்களும் அங்கேயே இடம் பெற்றன. இவற்றுக்கிடையே அதே ஆண்டு திசம்பர் மாதத்தில், குண்டு வீழ்ந்து நான்கே திங்களில், முச்சக்கர வண்டிகள் மீண்டும் செய்யப்பட்டன. சாம்பல் மேடாகிக் கிடந்த ஊரிற் செங்கல்லும் மரமும் அரிசியும் சுமந்தவை அவ்வகை வண்டிகளே. ஹிரோஷிமா மக்களுக்கும் இந்நிறுவனத்துக்கும் உள்ள உறவு வாங்குவோர் விற்போர் என்னும் உறவன்று என்பதற்கு இதனிலும் சான்று வேண்டுவதில்லை.

1951 இல் மகனார் மட்சுதா சுனெஜி தலைவரானார். 1960 ஆம் ஆண்டில் ஆர் 360 என்னும் சின்னஞ்சிறு கார் வெளிவந்தது. 356 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 380 கிலோகிராம் எடை, விலை 3 இலட்சம் யென். காருலகில் நிறுவனம் காலடி வைத்தது இவ்வாறுதான். ஆனால் மேலிருந்து ஓர் ஆபத்து எழுந்தது. அந்நியக் கார்களுக்குச் சந்தையைத் திறந்துவிடுமுன், உள்நாட்டு நிறுவனங்களை இரண்டு மூன்று பெருங் குழுக்களாக ஒன்றுசேர்த்துவிட யப்பானிய வர்த்தக அமைச்சு எண்ணியது. ரொயோட்டாவும் நிசானும் நிலைக்கும். பிந்தி வந்த தோயோ போன்றவை எவற்றோடேனும் கலந்து மறையும். சுனெஜி இதனை எதிர்க்கும் வழியைத் தேடினார். பிறரிடம் இல்லாத ஒரு தொழில்நுட்பம் தம்மிடம் இருந்தாலன்றித் தனித்து வாழ இயலாது என்பது அவர் முடிவு. 1960 இலேயே அவர் மேற்கு ஜேர்மனிக்குச் சென்று, என்.எஸ்.யூ. நிறுவனத்தோடு சுழல் இயந்திரத்துக்கான உரிம ஒப்பந்தம் செய்துகொண்டார்.

நேயர்களே, இவ்வியந்திரத்தைச் சற்று விளக்குதல் வேண்டும். வழக்கமான இயந்திரத்தில் உருளைக்குள் முசலம் மேலுங் கீழுமாக ஓடுகிறது. ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் அது நின்று திரும்பவேண்டும். அதனால் அதிர்வு உண்டாகின்றது. பீலிக்ஸ் வாங்கல் என்னும் ஜேர்மனியர் முசலத்தையே நீக்கிவிட்டார். கச்சான் கோதைப் போல் இடையில் ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள், பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோண வடிவான சுழலி ஒன்று சுழல்கிறது. அதன் மூன்று பக்கங்களும் மாறி மாறி வளியை உள்ளிழுத்து, அமுக்கி, எரித்து, வெளியேற்றுகின்றன. உறுப்புகள் மிகச் சில, எடை குறைவு, ஓட்டமோ பட்டுப் போன்றது. 1957 இல் முதலாவது மாதிரி ஓடியது; பின்னர் அச்செய்தி அறிந்து உலகமே வியந்தது. அமெரிக்க, ஐரோப்பிய, யப்பானிய நிறுவனங்கள் பலவும் உரிமம் வாங்க வரிசையில் நின்றன.

வாங்கியபின்னரே குறை தெரிந்தது. சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புகள் கூட்டின் சுவரை இடைவிடாது தொட்டுக்கொண்டே செல்லவேண்டும். அவ்வடைப்புகள் துடித்துத் துடித்துச் சுவரில் அலையலையான கீறல்களை இட்டன. அதனாற் கூடு பழுதாயிற்று. ‘பேயின் நகக்கீறல்’ என்று ஹிரோஷிமாப் பொறியியலாளர் அதற்குப் பெயரிட்டனர். 1963 ஆம் ஆண்டில் யாமமோட்டோ கெனிச்சி என்பவரின் தலைமையிற் சுழல் இயந்திர ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. குழுவிலிருந்தோர் 47 பேர். தம் தலைவனின் பழி தீர்த்து உயிர்விட்ட 47 சாமுராய் வீரரின் கதை யப்பானில் நம் இதிகாசக் கதைகளைப் போற் பயிலப்படுவது. குழுவினரை ஊரார் அப்பெயராலேயே அழைத்தனர். யாமமோட்டோ போருக்குப்பின் 1946 இல் அதே தொழிலகத்தில் முச்சக்கர வண்டியின் உறுப்புகளைப் பொருத்தும் வேலையிற் சேர்ந்தவர்.

அடைப்பு துடிப்பது ஏன் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. அதனை மாற்றினாற் கீறல் விழாதென்று கண்டு, அடைப்பினுள்ளே துளைகளை இட்டுப் பார்த்தனர், கீறல் மறைந்தது. பின்னர்க் காபனோடு அலுமினியத்தைச் சேர்த்துச் செய்த புதிய அடைப்பு நெடுநேரம் தேயாது நின்றது. 1967 மே மாதத்தில் இரு சுழலிகள் பொருந்திய ‘கொஸ்மோ ஸ்போர்ட்’ விற்பனைக்கு வந்தது. இரு சுழலிகளும் சேர்ந்தும் 982 கன சென்ரிமீற்றரே. வலுவோ 110 குதிரைவலு. அடுத்த ஆண்டில், ஜேர்மனியின் நூர்புர்க் பந்தயத் தடத்தில் நடைபெற்ற 84 மணி நேர ஓட்டத்துக்கு இரு கொஸ்மோக்கள் சென்றன. ஒன்று முடிவை அணுகிய வேளையில் விலக, மற்றையது நான்காவதாக வந்தது. இயந்திரத்தைக் கண்டுபிடித்த என்.எஸ்.யூ. நிறுவனமோ, அதே 1967 இல் தான் வெளியிட்ட காரின் அடைப்புகள் வாடிக்கையாளர் கையிற் பழுதாகப் பழுதாக மாற்றிக் கொடுத்தே நலிந்து, 1969 இல் வேறொரு பெரு நிறுவனத்தினுட் கலந்துபோயிற்று. சுனெஜி எந்த முடிவுக்கு அஞ்சினாரோ அம்முடிவு இயந்திரத்தின் தாய்வீட்டுக்கே நேர்ந்தது.

1970 இல் அமெரிக்கச் சந்தை திறந்தது; சுனெஜியும் அவ்வாண்டிலேயே மறைந்தார். மகன் கோஹெய் தலைமையிற் சுழல் இயந்திரக் கார்கள் அமெரிக்காவில் விரைந்து விற்பனையாயின. 1973 இல் ஓராண்டிலேயே ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அங்கு விற்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் மத்திய கிழக்கிற் போர் மூண்டது. பெற்றோல் விலை பன்மடங்காயிற்று. அடுத்து அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கணக்கு, மாஸ்டாவின் சுழல் இயந்திரக் கார் நகர ஓட்டத்தில் ஒரு கலனுக்கு ஏறத்தாழ 11 மைலே ஓடும் என்றது. நிறுவனத்தார் அச்சோதனை முறையை மறுத்து வாதிட்டனர். பெற்றோலுக்காக வரிசையில் நிற்பவர்களிடம் வாதத்தால் ஆவது என்ன? விற்பனை சரிந்தது; விற்காத கார்கள் மலைபோற் குவிந்தன; 1975 இல் நிறுவனம் முறிவின் விளிம்பில் நின்றது.

இவ்விடத்தில் நடந்தவையே எனக்கு இயந்திரத்திலும் வியப்பைத் தருகின்றன. சுமித்தோமோ வங்கி தன் அலுவலரை அனுப்பிக் கணக்கையும் நிருவாகத்தையும் கையேற்றது. தொழிலாளரை வேலைநீக்கம் செய்யாது, பல ஆயிரம் பேரை முறைவைத்து நாடெங்குமுள்ள விற்பனை நிலையங்களுக்கு அனுப்பினர். திருகாணி முடுக்கியவர்கள் வீடு வீடாகப் படியேறிக் கார் விற்றனர். ஹிரோஷிமா வணிகர் ஒன்றுகூடி, வாங்கினால் நம்மூர்க் காரையே வாங்குவோம் என்று இயக்கம் நடத்தினர். நிறுவனத்தின் ஆதரவோடு இயங்கிய ஹிரோஷிமா பேஸ்போல் அணியாகிய ‘கார்ப்’, தோன்றிய நாள் முதல் வெற்றி காணாதிருந்து, அந்தத் துன்ப ஆண்டாகிய 1975 இலேயே தன் முதலாவது பட்டத்தை வென்றது ஒரு விந்தை. மட்சுதா குடும்பமோ விலை கொடுத்தது. கோஹெய் 1977 இல் தலைமையை விட்டு விலக நேர்ந்தது. 1979 இல் அமெரிக்கப் போர்ட் நிறுவனம் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை வாங்கியது. தனித்து வாழ்வதற்கென ஏற்ற துணிவே பங்காளியைத் தேடவைத்தது என்பதை எவரும் மறுக்கமுடியாது.

எனினும் யாமமோட்டோவின் குழு இயந்திரத்தைக் கைவிடவில்லை. பெற்றோற் சிக்கனத்தை 40 வீதம் உயர்த்துவதென உறுதிபூண்டு உழைத்தது. 1978 இல் வந்த ஆர்.எக்ஸ். 7 அவ்வுழைப்பின் பயன். யாமமோட்டோ தாமே 1984 முதல் 1987 வரை நிறுவனத் தலைவராக விளங்கினார். ‘தோயோ தொழில்’ என்னும் பெயர் அதே 1984 இல் மாஸ்டா எனச் சட்டப்படி மாறியது. 1991 யூன் மாதத்தில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், பச்சையும் செம்மஞ்சளுமாகத் தீட்டப்பட்ட 55 ஆம் எண் மாஸ்டா 787பி, 362 சுற்றுகள் ஓடி முதலிடம் பெற்றது. அப்பந்தயத்தை யப்பானியக் கார் ஒன்று வென்றது அதுவே முதன்முறை. முசலமில்லா இயந்திரம் வென்றதும் அதுவே முதன்முறை. ஏனையோரிலும் எடை குறைந்த காரை ஓட்ட மாஸ்டாவுக்கு விதி இடமளித்தது என்பதையும், முன்னே சென்ற மெர்சிடிஸ் இறுதி மணிகளிற் பழுதாயிற்று என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆயினும் அது பெற்றோல் அளவுகட்டி வழங்கப்பட்ட போட்டி. பெற்றோலைக் குடிக்கும் இயந்திரம் எனப் பழிக்கப்பட்டது அங்கே வென்றது.

போர்ட் தன் பங்கிற் பெரும்பகுதியை 2008 இல் விற்று, 2015 இல் முற்றாக விலகியது. சுழல் இயந்திரக் கார்களின் உற்பத்தி 2012 இல் நின்றது. அதுவரை செய்யப்பட்டவை ஏறத்தாழ 20 இலட்சம். 2023 இல் அவ்வியந்திரம் ஹிரோஷிமாவில் மீண்டும் செய்யப்படலாயிற்று. இம்முறை ஒரே ஒரு சுழலி, 830 கன சென்ரிமீற்றர். மின்சாரக் காரொன்றின் முன்புறத்தில் அமர்ந்து, சக்கரங்களைச் சுழற்றாது, மின்பிறப்பாக்கியை மாத்திரம் அது இயக்குகின்றது.