உப்பு வந்த வழி

எமது குருவிட்டவிலிருந்து கடல் கண்ணுக்கு எட்டாது. சிவனொளிபாத மலையடிக் காடுகளில் ஊறி வரும் குரு கங்கையும், இறப்பர்த் தோட்டங்களும், ஓயாத மழையுமே இங்குள்ளோர் அன்றாடம் காண்பவை. ஆயினும் இவ்வூரின் மண்ணைத் தோண்டினால் அகப்படுவது கடற்சிப்பி! ஊருக்கு அண்மையிலுள்ள பட்டதொம்ப லென என்னும் குகையை முதலில் பி. இ. பி. தெரணியகலவும், 1979 முதல் அவர் மைந்தர் சிரான் தெரணியகலவும் அகழ்ந்தனர். ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்தோரின் எலும்புகளோடு நுண்கற்கருவிகளும், கடற்சிப்பியாற் செய்த மணிகளும் கிடைத்தன. கித்துல்கலையை அடுத்த பெலி லென குகைக்குக் கரையோரத்திலிருந்து உப்பும் கொண்டுவரப்பட்டதென ஆய்வாளர் கருதினர். அணிக்கு மணி, உணவுக்கு உப்பு. இவ்விரண்டுக்கும் மலைவாசிகள் அன்றே கடலை எதிர்பார்த்திருந்தனர்.

குரு கங்கை களு கங்கையிற் கலக்கிறது. களு கங்கை களுத்துறையிற் கடலைச் சேர்கிறது. கடல் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்ணாற் காண வேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. சென்ற ஆண்டுப் பாடசாலை விடுமுறையிற் களுத்துறைக்குச் சென்று, ஒருவரிடம் சிறு தோணியொன்றை வாடகைக்குப் பெற்றேன். துணைக்கு வர அவர் விரும்பினார், நான்தான் மறுத்தேன். ஐம்பது வயதைக் கடந்தவனுக்கு அது வேண்டாத வீம்பு.

பெருக்கு ஏறும் வேளையில், கழிமுகத்துக்குச் சற்று மேலே திறந்த ஓர் ஓடைக்குள் துடுப்பு வலித்து நுழைந்தேன். இரு மருங்கும் சிங்களத்தார் கிரல என்றழைக்கும் மரங்கள். அவற்றின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஈட்டிகள்போல் நிமிர்ந்து நின்றன. மேல்நீரை அள்ளி நாவில் இட்டேன், ஆற்றுநீர்தான். பின்பு கல் கட்டிய போத்தலொன்றைக் கயிற்றில் இறக்கி, அடியிலே தக்கையை இழுத்து நீரெடுத்தேன். கரித்தது! நன்னீர் இலேசானது, ஆகையால் அது மேலே மிதந்து கடலை நோக்கி ஓட, கனத்த உவர்நீர் அடியிலே ஆப்புப்போல் உள்நோக்கி ஏறுகிறது. கடலும் ஆறும் சந்திக்கும் இடம் ஒரு கோடு அன்று என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இந்த வியப்பில் நேரத்தை மறந்தேன். நம் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவே; ஆனால் ஆழமற்ற ஓடைக்கு அதுவே போதும். நீர் வடிந்து தோணி சேற்றில் அமர்ந்தது. இறங்கினேன், முழங்கால் வரை புதைந்தேன். மீண்டும் பெருக்கு வரும்வரை நண்டுகளைப் பார்த்துக்கொண்டு இருப்பதன்றி வேறு வழியில்லை.

அங்கே இருந்தபோதுதான் மலைநாட்டு வரலாற்றின் ஓர் உண்மை உறைத்தது. ஒல்லாந்தர் 1655இல் களுத்துறையைக் கைப்பற்றினர். ஆற்றின் வாய் அவர்களிடம். அதன் தலையோ, சப்பிரகமுவையுடன், கண்டி அரசனிடம். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் அரசன் இழந்தான். நெல்லும் பாக்கும் மலையில் விளையும், உப்பு விளையுமா? படைகள் ஏற இயலாத மலைக்கு உப்பு செல்லும் வழியை அடைத்தால் போதும் என்று கரையை ஆண்டோர் கணக்கிட்டனர். 1815இல் கண்டி வீழ்ந்தபின் அந்த எல்லை மறைந்தது.

அதன்பின் இரத்தினபுரிக்கும் களுத்துறைக்கும் இடையே பாருவ என்னும் தட்டையடி ஓடங்கள் தடையின்றி ஓடின. பாக்கும் கோப்பியும் கீழே சென்றன. உப்பும் கருவாடும் மேலே வந்தன. இறக்கம் எளிது. ஏற்றமோ, பாறைகளுக்கிடையே கழி ஊன்றித் தள்ளும் நாட்கணக்கான உழைப்பு. இரவில் தனிமை நீங்க ஓடக்காரர் பாடிய பாரு கவிகள் சிங்கள நாட்டார் பாடல்களில் ஒரு தனி வகையாயின. 1912இல் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் குருவிட்டவைக் கடந்து இரத்தினபுரியை அடைந்தது. ஆற்று வாணிகத்துக்கு அதனோடு போட்டியிட வலுவில்லை. அந்தச் சிறிய புகையிரதமும் எங்கள் பகுதியில் 1970களில் நின்றுபோயிற்று.

இன்று உப்புக்கு ஓடம் தேவையில்லை. அது தானாகவே ஏறுகிறது. மணல் அள்ளி ஆற்றின் படுகை ஆழமானதால், வறட்சியில் உவர்நீர் முன்னிலும் அதிக தூரம் உட்புகுகிறது. 2017 வெள்ளத்தின்போது நீர் வடிவதற்காகக் கழிமுகத்து மணல்மேட்டை வெட்டினர். பின்னர் அலைகள் அதனைப் பெரிதும் அரித்துவிட்டன.

மாலையில் சேறு பூசிய கோலத்தோடு திரும்பிய என்னைக் கண்டு தோணிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் மனைவி தேநீர் தந்தார். "நல்ல வேளை, ஐயா மழைக்காலத்தில் வந்தீர்கள். வெயில் காலமென்றால் குழாய்நீர் கரிக்கும், உங்கள் மலைத் தேயிலையையும் அது கெடுத்துவிடும்" என்றார் தோணிக்காரர்.