புகையில் சிவந்த மீன்

துப்பறியும் கதையில் குற்றவாளியை ஒளித்துவைத்து, அப்பாவி ஒருவர்மேல் நம் சந்தேகத்தை ஏவிவிடுவார்கள் அல்லவா, அந்தத் தந்திரத்துக்கு ஆங்கிலத்தில் 'ரெட் ஹெர்ரிங்' என்று பெயர். ஆனால் எந்தக் கடலில் வலை வீசினாலும் அந்தப் பெயரில் மீன் சிக்காது. ஹெர்ரிங் நம் மத்திக்குப் பங்காளி, வெள்ளியாய் மின்னும். சிவப்பு, புகை தந்த நிறம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள கிரேட் யார்மவுத்தில், மீனைப் பிளக்காமல் முழுசாக உப்பில் போட்டு, நாள்கணக்கில் விறகுப் புகையில் தொங்கவிட்டு வந்தார்கள். செம்பழுப்பேறி விறைத்துப்போகும், எளிதில் கெடாது. நாற்றமும் லேசில் போகாது. கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1599-இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் நாஷ் இந்த மீனைப் புகழ்வதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். நாடகம் ஒன்றால் வந்த வம்பில் லண்டனை விட்டு ஓடியபோது அவருக்குப் புகலிடம் தந்த ஊர் யார்மவுத். உண்ட வீட்டுக்கு நன்றி!

வேட்டைநாய்களை ஏமாற்ற இம்மீனைப் பயன்படுத்தினார்கள், அதிலிருந்து வந்த சொல் என்று நெடுங்காலம் விளக்கம் சொல்லிவந்தார்கள். சான்றாகக் காட்டியது 17-ஆம் நூற்றாண்டுக் குதிரையேற்ற நூல் ஒன்றை. அதில் இருக்கும் சங்கதியோ வேறு. குதிரையை வேட்டைக்குப் பழக்க வேண்டும். செத்த பூனையோ நரியோ கிடைக்காவிட்டால், இந்த மீனைத் தரையில் இழுத்துத் தடம் போடு. நாய்கள் அதன்பின் ஓடும், குதிரை நாய்களின்பின் ஓடும். ஏமாற்று எங்கே இருக்கிறது?

அதைச் சேர்த்தவர் பத்திரிகையாளர் வில்லியம் காபெட். சிறுவனாக இருந்தபோது, தனக்கென்று குறித்துவைத்த முயலை நாய்கள் பிடித்துவிடாதபடி, விடியற்காலையில் ரெட் ஹெர்ரிங்கைக் கயிற்றில் கட்டி நாலைந்து மைல் வேலியும் பள்ளமுமாக இழுத்துப்போவேன் என்று தன் பத்திரிகையின் 1807 பிப்ரவரி 14 இதழில் எழுதினார். ஒரு முயலுக்காக அவ்வளவு ஓட்டமா? கைச்சரக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. 1833-இலும் இதே கதையை மறுபடி எடுத்துவிட்டார்.

அந்த 1807 கட்டுரையில் அவர் குறிவைத்தது முயலை அல்ல. நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச்செய்தியை நம்பி, உள்நாட்டு விவகாரங்களை மறந்து ஓடிய ஆங்கிலப் பத்திரிகைகளை. அந்தச் செய்தி ஓர் அரசியல் ரெட் ஹெர்ரிங், சனிக்கிழமை வந்ததும் மோப்பம் கல்லாய் ஆறிவிட்டது என்று கிண்டலடித்தார்.